அக்காவுக்கு மட்டும் போர்த்திய பொன்னாடை

பாராட்டு விழா என்று யாராவது அழைப்பிதழை நீட்டினால் இன்றைக்கும் எனக்குப் போக மனம் வராது. போகாமலும் இருக்க முடியாது, சொந்தபந்தம் கோபிக்கும். போய்ப் பின்வரிசையில் இருந்துவிட்டுத் தேநீர் வருவதற்கு முன்னர் எழும்பி வந்துவிடுவேன். அம்மாவுக்கு மற்றவர்கள் நன்றாக இருந்தால் பிடிக்காது என்று என் மகள் பகிடி பண்ணுவாள். பண்ணட்டும். தண்ணீரூற்றில் அந்த விழா நடந்தபோது அவள் பாலர் வகுப்புப் பிள்ளை. அவித்த கடலை தின்றது மட்டும்தான் அவளுக்கு ஞாபகம்.

நாங்கள் நாயாற்றுக் கரை ஆட்கள். கடலும் களப்பும்தான் எங்களுக்குச் சோறு போட்டன. தொண்ணூறுகளில் கடற்பக்கமிருந்து ஷெல் விழத் தொடங்கியதும் வலையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு, மாதாவின் படத்தைத் துவாயில் சுற்றிக்கொண்டு கிளம்பினோம். அங்கே இங்கே என்று இழுபட்டு, கடைசியில் எங்கள் கரையின் ஏழெட்டுக் குடும்பங்கள் தண்ணீரூற்றுப் பள்ளிக்கூடத்தில் வந்து ஒதுங்கின. கொஞ்ச நாளில் பள்ளிக்கூடம் திறக்க வேண்டும், எழும்புங்கள் என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் பிழையில்லை. எங்கள் பிள்ளைகளும் அந்தப் பள்ளிக்கூடத்தில்தானே படிக்க வேண்டும்.

அப்போதுதான் அவர் வந்தார். நாற்பத்தைந்து, ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சேலை, காலில் செருப்பில்லை. வகுப்பறை வாசலில் நின்று எங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"என்ர வளவுக்குப் பின்னாலை இடம் கிடக்குது. தென்னை நிக்குது, நிழல் இருக்கும். கிணறும் நல்ல தண்ணி. வாறியளோ?" என்று கேட்டார்.

"எவ்வளவு காலத்துக்கு அக்கா?" என்று என் கணவர் கேட்டார்.

"அதை ஷெல் அடிக்கிறவனிட்டை எல்லோ கேக்க வேணும்," என்றார்.

எங்களுக்குச் சிரிப்பு வந்தது. பல நாட்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு. அன்றிலிருந்து அவர் எங்களுக்குப் பெரியக்கா.

பெரியக்காவின் கணவர் மலேரியாவில் போனவர். பிள்ளைகள் இல்லை. கூடப்பிறந்தது ஒரேயொரு தங்கை. அவரைச் சின்னக்கா என்று கூப்பிடுவோம். சின்னக்கா முத்தையன்கட்டில் இருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்து வயல் செய்த குடும்பம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவர். தண்ணீரூற்றுக் காணி இவர்களுடைய தாயினுடையது. தாய் அதைச் சரிபாதியாக்கி இரண்டு பெண்களுக்கும் சீதனமாகக் கொடுத்திருந்தார். வீடும் கிணறும் உள்ள முன்பாதி மூத்தவருக்கு, தென்னை நிற்கும் பின்பாதி இளையவருக்கு. நடுவில் வேலி கிடையாது. சகோதரங்களின் காணிக்கு நடுவில் வேலி இல்லை என்பது எங்கள் பக்கத்தில் சின்ன விசயமல்ல. வேலிக் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டதற்காக வாழ்நாள் முழுவதும் கதையாமல் இருக்கிற அண்ணன் தம்பிகளை எனக்குத் தெரியும்.

எங்கள் கொட்டில்கள் எல்லாமே பின்பாதியில்தான் எழும்பின. அதாவது சின்னக்காவின் காணியில். கூரை வேயக் கிடுகு வந்து இறங்குவதற்கு முன்னரே பெரியக்கா சைக்கிள் கரியரில் ஏறி முத்தையன்கட்டுக்குப் போய்த் தங்கையிடம் கேட்டுவிட்டு வந்தார். "இருக்கட்டும் அக்கா, பாவங்கள்" என்று சின்னக்கா சொல்லியிருக்கிறார். அடுத்த கிழமை ஒரு சாக்கு நெல்லோடு அவரே வந்து இறங்கினார்.

இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்று சொன்னால்தான் தெரியும். அக்கா காய்ந்த மனிதி, கதை குறைவு. தங்கை உருண்டையான ஆள், வாய் ஓயாது. வந்தால் எங்கள் கொட்டில்களுக்கு முன்னால்தான் பலகையைப் போட்டு இருப்பார். நான் சுடும் கருவாட்டில் அவருக்கு ஒரு கண். வெள்ளிக்கிழமையில் வந்துவிட்டால் பாவம், விரதம், மச்சம் மாமிசம் தொட முடியாது, மணத்தைப் பிடித்துக்கொண்டே இருந்துவிட்டு, "நாளைக்கு எண்டு ஒரு துண்டு எடுத்து வை பிள்ளை" என்று சொல்லி இரவு தங்கிவிடுவார். அக்காவும் தங்கையும் ஒரே பாயில் படுத்து விடியும்வரை குசுகுசுப்பார்கள். எங்களுக்குக் கேட்கும். அந்தச் சத்தம் எனக்கு நல்ல நித்திரையைத் தந்தது.

பெரியக்கா இடத்தைத் தந்ததோடு நிற்கவில்லை. மலசலகூடக் குழி வெட்ட ஆட்களைக் கூட்டி வந்தார். நிவாரண அரிசி எங்களுக்கு வராமல் போனபோது சங்கக்கடை மனேச்சருக்கு முன்னால் போய்க் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, "அரிசி வருமட்டும் நான் இதிலைதான்" என்றார். அரிசி வந்தது. காய்ச்சல் மாதத்தில் எங்கள் கொட்டில்களில் பாதிப்பேர் படுத்துக் கிடந்தபோது கஞ்சி காய்ச்சி வாளியில் கொண்டு வந்தார். இதையெல்லாம் பெரிய தியாகம் மாதிரிச் செய்யவில்லை. ஏசி ஏசித்தான் செய்வார். "உங்கட பிள்ளையளுக்குச் சளி துடைக்க ஒருத்தருக்கும் நேரமில்லையோ" என்று கேட்டுக்கொண்டே துடைத்து விடுவார்.

அவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எங்களுக்கு இருந்தது. கையில் ஒன்றுமில்லாதவர்களுக்கு நன்றிக்கடன் ஒரு உபத்திரவம். மீன் பிடிக்கிற நாளில் என்றால் நல்ல பாரையாகப் பார்த்துக் கொடுத்திருப்போம். இப்போது எதைக் கொடுப்பது? அந்த நேரம்தான் சனசமூக நிலையத்தின் ஆண்டு விழா வந்தது.

விழாவில் ஒவ்வொரு முறையும் ஊருக்குத் தொண்டு செய்த ஒருவரைப் பாராட்டுவார்கள். நிலையத் தலைவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், எல்லோருக்கும் மாஸ்ரர். நல்ல மனிதர். மேடையில் செந்தமிழில் கதைக்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு செமிக்காது. எங்கள் கொட்டில் ஆட்கள் சேர்ந்து அவரிடம் போய், இம்முறை பெரியக்காவைப் பாராட்டுங்கள் என்று கேட்டோம். மாஸ்ரருக்குச் சந்தோசம். ஆண்டுதோறும் பென்சன்காரரையும் கடை முதலாளியையும் பாராட்டி அவருக்கும் அலுத்திருக்கும். அன்றே வாழ்த்துப்பா எழுதத் தொடங்கிவிட்டார்.

பொன்னாடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது வன்னிக்குள் ஒரு சாமானும் இலேசில் வராது. சவர்க்காரத்துக்கே தட்டுப்பாடு, மண்ணெண்ணெய் யானை விலை குதிரை விலை. பொன்னாடைக்கு எங்கே போவது? ஆனால் பொன்னாடை இல்லாமல் ஒருவரைப் பாராட்டலாம் என்பதை எங்கள் ஆட்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நிலையத்தில் ஒன்றே ஒன்று இருந்தது, யாரோ வவுனியாவிலிருந்து கொண்டு வந்தது. விழாவில் போர்த்துவார்கள், கைதட்டுவார்கள். முடிந்ததும் பாராட்டப்பட்டவர் மேடைக்குப் பின்னால் போய்க் கழற்றிக் கொடுத்துவிடுவார். அதை மடித்துப் பூச்சியுருண்டை போட்டு அலுமாரியில் வைத்துவிடுவார்கள். ஊரின் பெரிய மனிதர்கள் எல்லோரும் முறைபோட்டு அந்த ஒன்றையே போர்த்தியவர்கள். ஒருவரும் அதைக் குறையாக நினைத்ததில்லை, நாங்களும் நினைக்கவில்லை. பொன்னாடை ஒன்று என்பதால் ஒரு விழாவுக்கு ஒருவர் என்ற வழக்கம் தானாகவே வந்துவிட்டது.

செய்தியைச் சொல்லப் போனபோது பெரியக்கா முதலில் மாட்டேன் என்றார். "நான் தாலி இல்லாதவள். மேடையிலை ஏத்தி வைச்சுச் சனம் கதைக்கவோ?" என்றார். மாஸ்ரர் அதற்கு ஒரு சொற்பொழிவே நிகழ்த்தினார். கடைசியில் பெரியக்கா தரையைப் பார்த்துக்கொண்டு, "அப்பிடியெண்டால் தங்கச்சியையும் கூப்பிடுங்கோ. சனம் இருக்கிறது அவளின்ர பாதியிலைதானே," என்றார்.

மாஸ்ரர் யோசித்தார். "அம்மா, தங்கச்சி முத்தையன்கட்டு ஆள். எங்கட நிலையத்துக்கு உட்பட்டவ இல்லை. போர்வையும் ஒண்டுதான். நீங்கள் ஏற்புரையிலை அவவின்ர பேரைச் சொல்லிவிடுங்கோ. அதுதான் அழகு," என்றார்.

அதுவும் சரியாகத்தான் பட்டது. பாராட்டப்பட்டவர் கடைசியில் எழும்பி நன்றி சொல்லுவது ஏற்புரை. அதில் அக்காவே தங்கையைப் பற்றிச் சொன்னால் யாருக்குத்தான் மனம் குளிராது? பெரியக்கா இரண்டு மூன்று நாட்களாகக் கிணற்றடியில் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தப் புகழ் எனக்கு மட்டும் உரியதில்லை. காணி என்ர தங்கச்சியின்ர" என்று தொடங்கி, பிறகு மறந்துபோய், என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை, மிச்சம் என்ன சொன்னனான்?" என்று கேட்பார். நான் எடுத்துக் கொடுப்பேன். இரண்டு பேரும் சிரிப்போம்.

விழா பின்னேரம். இருட்டுவதற்கு முன்னர் முடிக்க வேண்டும், விளக்குக்கு எண்ணெய் கிடையாது. ஒலிபெருக்கி உழவு இயந்திரப் பற்றரியில் ஓடியது. சின்னக்கா முத்தையன்கட்டிலிருந்து வெள்ளனவே வந்துவிட்டார். கத்தரிப்பூ நிறத்தில் பட்டுச் சேலை, தலை நிறைய மல்லிகை. மடியில் ஒரு மாலை, அக்காவுக்குப் போடத் தானே கட்டிக்கொண்டு வந்தது. முன்வரிசையில் இருந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "என்ர அக்காவுக்குத்தான் விழா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்துக் கதிரைகளில் ஒட்டுசுட்டான் பக்கத்துப் பெரியவர்கள் சிலரும் இருந்தார்கள்.

பெண்ணுக்குப் பெண்தான் போர்த்த வேண்டும் என்பதால் பொன்னாடையை நான் போர்த்தினேன். பிறகு மாஸ்ரர் வாழ்த்துப்பா படித்தார். அந்த மனிதரைக் குறைசொல்லி என்ன பயன்? வாழ்த்துப்பா என்றால் கூட்டித்தான் எழுத வேண்டும், உள்ளதை உள்ளபடி எழுதினால் அது ஊர் விதானையாரின் நற்சாட்சிப் பத்திரம் ஆகிவிடும். பெரியக்காவைத் தாய் என்றார், தெய்வம் என்றார், வானத்து மழை என்றார். சனம் தலையாட்டியது. பிறகு, தனக்கென்று ஒரு பிடி மண்ணும் வைக்காமல் காணி முழுவதையும் ஏதிலிகளுக்குத் தானமாக ஈந்த வள்ளல் என்று இராகத்தோடு நீட்டிப் படித்தார். எங்கள் கொட்டில் ஆட்கள் உள்ளங்கை சிவக்கத் தட்டினார்கள். நானும் தட்டினேன்.

பெரியக்கா திடுக்கிட்டு நிமிர்ந்தார். முன்வரிசையைப் பார்த்தார். சின்னக்காவின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் கண் மாறிவிட்டது. ஒட்டுசுட்டான் பெரியவர் ஒருவர் அவர் பக்கம் குனிந்து ஏதோ கேட்டார்.

இன்னும் ஏற்புரை இருக்கிறதே என்று நான் நினைத்தேன். ஆனால் பிரதம விருந்தினர் மைக்கைப் பிடித்தவர் விடவில்லை. தன் சின்ன வயது, தன் படிப்பு, தான் வேலை பார்த்த ஊர்கள் என்று பேசிக்கொண்டே போனார். வெயில் இறங்கியது. பற்றரியும் இறங்கியது. ஒலிபெருக்கி கரகரத்து நின்றபோது இருட்டு வந்துவிட்டது. மாஸ்ரர் வெறும் குரலில், "நேரமின்மை காரணமாக அம்மாவின் ஏற்புரையை அவரின் சார்பில் நானே கூறி விடைபெறுகிறேன்" என்று சொல்லித் தேவாரத்துக்குக் கைகாட்டினார். பெரியக்கா எழும்பி நின்றபடியே, வாயைத் திறந்தபடியே நின்றார். சனம் தேவாரத்துக்கு எழும்பிவிட்டது.

மேடைக்குப் பின்னால் பொன்னாடையைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு, "தங்கச்சி எங்கை?" என்று ஓடினார். சின்னக்கா தேநீரும் குடிக்காமல் போய்விட்டார். கட்டிக்கொண்டு வந்த மாலையையும் கொண்டு போய்விட்டார்.

அடுத்த கிழமை சின்னக்கா வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் வரவில்லை. வயல் வேலையாக்கும் என்று பெரியக்கா எங்களுக்குச் சொன்னார், தனக்கும் சொல்லிக்கொண்டார். பிறகு கதை வரத் தொடங்கியது. புருசன் வீட்டில் அவரை இருத்திவைத்து, "உன்ர சீதனத்தை உன்ர அக்கா தானம் பண்ணிப்போட்டாவாம், உனக்குத் தெரியாதோ?" என்று கேட்டார்களாம். சின்னக்கா சண்டை போடாத ஆளல்ல. ஆனால் அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போய்விட்டாராம். அதைக் கேட்டபோது எனக்குப் பயம் வந்தது. வாய் ஓயாத மனிதர்கள் பேசாமல் விட்டால் காயம் ஆழம் என்று அர்த்தம்.

மாஸ்ரருக்கு நான்தான் போய்ச் சொன்னேன். அவர் தலையில் கைவைத்து இருந்துவிட்டார். பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது, சின்னக்காவுக்கும் பொன்னாடை போர்த்துவது. நிலையத்தின் எல்லையைத் தாண்டியாவது செய்வோம் என்று வீராவேசமாகச் சொன்னார். அவரும் நானும் என் கணவரும் சைக்கிள்களில் முத்தையன்கட்டுக்குப் போனோம். பையில் பொன்னாடை, என் கையில் ஒரு பொட்டலம் கருவாடு.

சின்னக்கா முற்றத்தில் நெல்லுத் தூற்றிக்கொண்டு நின்றார். வாங்கோ என்றார், கதிரை போட்டார், தேநீர் தந்தார், சோறும் போட்டார். ஒன்றிலும் குறை இல்லை. முகத்தைத்தான் பார்க்கவில்லை. மாஸ்ரர் சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு, தொண்டையைச் செருமி, பையிலிருந்து பொன்னாடையை எடுத்தார்.

சின்னக்கா அதைப் பார்த்தார். "மாஸ்ரர், அக்கா போர்த்துக் கழட்டினதை எனக்கு மிச்சத்துக்குப் போர்க்க வந்தனீங்களோ? நான் உதுக்கு அழுதனான் எண்டு நினைச்சனீங்களோ?" என்றார். குரல் உயரவில்லை. மாஸ்ரரின் செந்தமிழ் அன்றைக்கு உதவிக்கு வரவில்லை. மடித்து மறுபடி பைக்குள் வைத்தார்.

வெளியே வரும்போது கருவாட்டுப் பொட்டலத்தை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். "பிள்ளையள் சுகமோ?" என்று கேட்டார். சுகம் என்றேன். நாங்கள் உங்கள் காணியில் இருக்கலாமா, எழும்ப வேண்டுமா என்று கேட்க வாய்வரை வந்தது. அந்த நேரத்தில் அதைக் கேட்பது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது போல இருக்கும் என்று நினைத்தேன். மாஸ்ரரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் நாகரிகம் கூடிவிட்டது.

மாரிக்கு முன்னர் இன்னொரு செய்தி வந்தது. சின்னக்காவின் மகளுக்குப் பேசிய ஒட்டுசுட்டான் சம்பந்தம் குழம்பிவிட்டதாம். தண்ணீரூற்றுக் காணியைத்தான் மகளுக்குச் சீதனமாகச் சொல்லியிருந்தார்களாம். அன்று முன்வரிசையில் இருந்த மாப்பிள்ளை பகுதி, "அந்தக் காணி தானமாய்ப் போனதை மேடையிலை வாசிக்க நாங்களே காதாலை கேட்டனாங்கள்" என்று சொல்லிவிட்டதாம். நெல் கொண்டு வந்த ஒருவர் இதைக் கிணற்றடியில் வைத்துப் பெரியக்காவிடம் சொன்னார். பெரியக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் போனார். இரண்டு நாள் வெளியே வரவில்லை. அடுப்பும் புகையவில்லை. நான் கஞ்சி கொண்டு போனேன். வாசலில் வைக்கச் சொன்னார்.

மூன்றாம் நாள் காலையில் எங்கள் கொட்டில்களுக்கு நடுவில் வந்து நின்றார். எல்லோரையும் கூப்பிட்டார்.

"பிள்ளையள், என்னைக் குறை நினையாதேங்கோ. எனக்குச் சகோதரம் எண்டு அவள் ஒருத்திதான். அவளின்ர காணி வெறுங்காணியாக் கிடக்க வேணும். அப்பதான் சனம் நம்பும். நீங்கள் எழும்ப வேணும்."

பிறகு எங்கள் கரை ஆள் ஒருவர், நல்ல மனிதர்தான், பிள்ளை காய்ச்சலில் கிடந்த கவலை, "பொன்னாடை போர்த்து நல்ல பேரும் எடுத்தாச்சு. இனி நாங்கள் என்னத்துக்கு?" என்று சொல்லிவிட்டார். சொல்லக் கூடாத சொல். பெரியக்கா அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். அந்தப் பொன்னாடையை அரை மணித்தியாலம்கூட அவர் வைத்திருக்கவில்லை என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். ஊரும் அன்றிலிருந்து அப்படித்தான் கதைத்தது. கொடுத்ததைப் பறித்தவள் என்றது. கைதட்டிய அதே ஊர்தான். கொடுக்காத ஒன்றை எப்படிப் பறிப்பது என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

எனக்கும் கோபம் வந்தது, ஏன் மறைக்க வேண்டும். ஆனால் யாரைக் கோபிப்பது என்று தெரியவில்லை. மாங்குளத்துப் பக்கம் காட்டைத் துப்புரவாக்கிக் கொட்டில் போட இடம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு உழவு இயந்திரம் பிடித்தோம். போகிற நாள் காலையில் கூரைக் கிடுகுகளைக் கழற்றி, மரங்களைப் பிடுங்கி, உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினோம். பெரியக்கா கிணற்றுக்கட்டில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் அவரிடம் ஓடிப் போனார்கள், தாய்மார் கூப்பிட்டுத் திருப்பி எடுத்தார்கள்.

அப்போதுதான் சின்னக்கா வந்தார். சைக்கிளில் தனியே. யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மூச்சு வாங்கியது, சேலைக்கரை முழுவதும் செம்மண். கொட்டில்கள் நின்ற இடத்தைப் பார்த்தார். அடுப்புக் கற்களும் குழிகளும் மட்டும் இருந்தன.

"ஆர் இவையை எழும்பச் சொன்னது?" என்று கேட்டார்.

எல்லோரும் பெரியக்காவைப் பார்த்தோம்.

"நான்தான். உன்ர பிள்ளையின்ர சம்பந்தம் குழம்பிப்போச்செண்டு..." என்று பெரியக்கா தொடங்கினார்.

"அது போனால் இன்னொண்டு வரும். இந்தக் காணியைத் தவிர என்ர பிள்ளைக்கு ஒண்டுமில்லையோ? இந்தச் சனத்தை மழை வாற நேரத்திலை எழுப்பிப்போட்டு நான் என்ர பிள்ளைக்குத் தாலி கட்டிவைப்பனோ?" சின்னக்கா இப்போது கத்தினார். எங்கள் பக்கம் திரும்பி, "சாமானை இறக்குங்கோ. இறக்குங்கோ எண்டு சொல்லுறன்!" என்றார்.

ஒருவரும் அசையவில்லை. எழும்பு என்று சொல்லக் கேட்ட பிறகு இரு என்று சொன்னால் இருக்க எங்கள் ஆட்களின் ரோசம் விடவில்லை. ரோசம் என்ன ரோசம், வெறும் வயிற்று ரோசம். என் கணவர் கயிற்றை இறுக்கிக்கொண்டே, "ஏத்தினது ஏத்தினதுதான் அக்கா. உங்களுக்கு நடுவிலை நாங்கள் வேண்டாம்," என்றார்.

சின்னக்கா அக்காவிடம் திரும்பினார். "மேடையிலை என்னை ஒருத்தரும் கேக்கேல்லை, சரி. அவை பிறத்தி ஆக்கள். நீங்களும் என்னட்டை ஒரு சொல்லுக் கேக்காமல் செய்திட்டியளே அக்கா."

பெரியக்கா நிமிராமலே, "உன்னட்டை வர எனக்கு வெக்கமாக் கிடந்தது," என்றார்.

"என்னட்டையோ? என்னட்டை வர உங்களுக்கு வெக்கமோ?"

அதைக் கேட்டுவிட்டுச் சின்னக்கா அழத் தொடங்கினார். பெரியக்காவும் அழுதார். ஒருவர் கிணற்றுக்கட்டில், மற்றவர் சைக்கிளைப் பிடித்தபடி. எங்கள் உழவு இயந்திரம் கிளம்பியது. நான் பெட்டியில் பாத்திரங்களுக்கு நடுவில் இருந்து, இரண்டில் ஒருவர் எழும்பி மற்றவரிடம் போகட்டும் மாதாவே என்று மனதுக்குள் மன்றாடிக்கொண்டு பார்த்தேன். தெருவில் ஏறித் திரும்பும்வரை பார்த்தேன். ஒருவரும் போகவில்லை.